அரசின்மைக் கொள்கை: அதன் பிரிவுகளும் அது நம்முன் வைக்கும் வினாவும்

1. சொல்லும் பொருளும்

'அராஜகம்' என்னும் சொல் நம் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும், பிரசங்க பீடங்களிலுங்கூட, ஒரே பொருளில் வழங்கி வருகிறது. கலகம், கொள்ளை, கட்டுப்பாடின்மை ஆகிய யாவற்றையும் அச்சொல்லால் குறிக்கிறோம். 'அரசன் இல்லாத நிலை' என்பதே அதன் நேர்ப்பொருள். அரசன் இல்லையேல் பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் என்று பண்டைய வடமொழி நூல்கள் கொண்டிருந்த அச்சம் அச்சொல்லின்மீது படிந்து, நேர்ப்பொருளை மறைத்துவிட்டது. மேனாட்டு மொழிகளில் வழங்கும் 'அனார்க்கி' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. 'ஆளுவோன் இல்லாமை' எனப் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அது நெடுங்காலம் வசைச்சொல்லாகவே இருந்தது. 1840-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான பியேர் ஜோசப் புருதோன் அவ்வசையைத் தாமே விரும்பி ஏற்று, தம் கொள்கைக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார். அக்கொள்கையை இக்கட்டுரையில் 'அரசின்மைக் கொள்கை' என்றே குறிப்போம்.

இறையியல் கல்வி நிலையத்தின் ஏட்டில் இதனைப் பற்றி எழுதுவானேன் என வாசகர் வினவலாம். சென்ற ஆண்டு பழைய ஏற்பாட்டு வகுப்பில் நியாயாதிபதிகளின் புத்தகத்தை முடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, ராஜா இல்லாததால் தீமை பெருகிற்று என்று இப்புத்தகம் சொல்லுகிறது. ராஜாவைக் கேட்டதே தீமை என்று சாமுவேலின் முதலாம் புத்தகம் சொல்லுகிறது. எங்கள் சபைகளில் இவற்றுள் எதைப் பிரசங்கிப்பது?" என்று கேட்டார். இரண்டும் இருவேறு மரபுகளிலிருந்து வந்தவை என்று ஏதோ விடை கூறி மணியடிக்கும் வரை சமாளித்தேன். அவர் கேட்டது மரபுகளைப் பற்றியன்று என்பதை அவரும் அறிவார்; நானும் அறிவேன். அரசின்மைக் கொள்கையினர் இவ்வினாவையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக உலகின்முன் வைத்து வருகின்றனர். எனவே அவர்கள் கூற்றை முதலில் செவிமடுத்து, பின்னர் சீர்தூக்கிப் பார்த்தல் நலம்.

2. பொதுவான அடிப்படை

அரசின்மைக் கொள்கையினரிடையே வேறுபாடுகள் மிகப் பல. எனினும் மூன்று செய்திகளில் அவர்கள் உடன்படுகின்றனர். முதலாவது, அரசு என்பது வன்முறையை அடிப்படையாகக் கொண்ட அமைப்பு. வரி, சிறை, படை ஆகியவை அதன் துணை உறுப்புகள் அல்ல, அதன் இயல்பே அவை. இரண்டாவது, ஒழுங்கு என்பது மேலிருந்து சுமத்தப்படுவதன்று. மனிதர் தாமாகக் கூடி வாழ்வதிலிருந்தே பிறப்பது. ஆகவே அவர்கள் மறுப்பது ஒழுங்கையன்று, ஆதிக்கத்தையே. மூன்றாவது, அடையவேண்டிய முடிவும் அதற்குரிய வழியும் ஒத்திருத்தல் வேண்டும். அதிகாரத்தைக் கைப்பற்றி விடுதலையைப் படைக்க இயலாது.

சொத்து எவர்க்கு உரியது, மாற்றம் எவ்வழியில் வரும், மனிதரை ஒன்றுசேர்க்கும் கட்டு யாது என்னும் மூன்று வினாக்களில் அவர்கள் பிரிகின்றனர். இவற்றிற்கு அவர்கள் கூறிய விடைகளைக்கொண்டே பிரிவுகளை அறிந்துகொள்ளலாம்.

3. பகுத்தறிவும் தன்னலமும்: காட்வின், ஸ்டிர்னர்

இக்கொள்கையை முதன்முதல் முறைப்பட எழுதியவர் ஒரு முன்னாள் போதகர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. ஆங்கிலேயரான வில்லியம் காட்வின் (1756-1836) கால்வினியக் கோட்பாட்டில் வளர்ந்து, அரசுத் திருச்சபையைச் சாராத சபைகளில் சில ஆண்டுகள் ஊழியம் செய்து, பின்னர் அவ்விசுவாசத்தைக் கைவிட்டவர். 1793-இல் வெளிவந்த 'அரசியல் நீதி' பற்றிய அவருடைய நூல், மனிதன் அறிவினால் திருத்தப்படத்தக்கவன், எனவே அரசு நாளடைவில் தேவையற்றுப் போகும் என்று வாதிடுகிறது. கலகத்தை அவர் விரும்பவில்லை. உரையாடலும் கல்வியுமே அவர் கண்ட வழி.

காட்வினின் வன்மையும் மென்மையும் அவர் தரும் ஓர் எடுத்துக்காட்டில் புலனாகின்றன. பேராயர் ஃபெனெலோனும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் தீயில் சிக்கினால், ஒருவரையே காக்க இயலுமெனில், உலகுக்குப் பெரும்பயன் விளைக்கும் பேராயரையே காக்கவேண்டும். அப்பணிப்பெண் நம் சொந்தத் தாயாக இருப்பினும் அதுவே நீதி என்கிறார் அவர். அரசனின் ஆணையிலிருந்து மனிதனை விடுவித்த காட்வின், கணக்குப் பார்க்கும் பகுத்தறிவின் ஆணைக்கு அவனை உட்படுத்திவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஜெர்மானியரான மாக்ஸ் ஸ்டிர்னர் (1806-1856) இதற்கு எதிர்முனையில் நிற்பவர். யோகான் காஸ்பர் ஷ்மிட் என்பது அவர் இயற்பெயர். பெர்லினில் ஹேகல், ஷ்லையர்மாகர் ஆகியோரிடம் பாடம் கேட்டவர். 1844-இல் வெளியான தம் நூலில், கடவுள், அரசு, மனிதகுலம், ஒழுக்கம் ஆகிய யாவும் தனிமனிதன்மீது ஏறி அமர்ந்த பேய்கள் என்றார். தன்னலமுடையோர் தம் விருப்பத்தின்படி கூடிப் பிரியும் சங்கமே அவர் கண்ட சமுதாயம். கடவுளை நீக்கிவிட்டு அவ்விடத்தில் 'மனிதகுலம்' என்னும் புதிய தெய்வத்தை நிறுவியோரின் வேடத்தை அவர் போல் கலைத்தவர் சிலரே. ஆயின், தன்னைத் தவிர வேறொன்றையும் மதியாதவன் வலியவனாயின், எளியவன் எங்கே நிற்பான் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. பின்னாளில் அமெரிக்க நாட்டில் பெஞ்சமின் டக்கர் 1881 முதல் 1908 வரை நடத்திய 'லிபர்ட்டி' இதழ் தனிமனித அரசின்மைக் கொள்கைக்கு மேடையாயிற்று.

4. பரிமாற்றமும் கூட்டுடைமையும்: புருதோன், பக்கூனின்

புருதோன் (1809-1865) ஏழைக் குடும்பத்திற் பிறந்த அச்சுத் தொழிலாளி. அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்தும் பணியினூடே எபிரெய மொழியைத் தாமே கற்றவர். 1840-இல் அவர் எழுதிய நூல் சொத்துடைமையைத் திருட்டோடு ஒப்பிட்டு உலகைத் திடுக்கிடச் செய்தது. உழுபவனுக்கு அவன் நிலமும் நெய்பவனுக்கு அவன் தறியும் இருப்பதை அவர் எதிர்க்கவில்லை. உழையாமலே வாடகையும் வட்டியும் பெறும் உரிமையையே எதிர்த்தார். உழைப்பாளர் தம் உழைப்பின் அளவுக்கேற்பப் பண்டங்களை மாற்றிக்கொள்ளுதலும், வட்டியற்ற கடன் வழங்கும் மக்கள் வங்கியும், ஊர்கள் தாமாக இணையும் கூட்டாட்சியும் அவர் காட்டிய வழி. 1849-இல் அவர் முயன்ற வங்கி நிலைபெறவில்லை. விடுதலை பேசிய அவர் பெண்களை ஆண்களுக்குக் கீழ்ப்படிந்தோராகவே கருதினார். யூதர்மீது கடும் பகை கொண்டிருந்தார். அரசை மறுப்பதனாலேயே ஒருவர் ஆதிக்கத்தை மறுத்தவர் ஆகிவிடார் என்பதற்கு இது சான்று.

ரஷ்யப் பிரபு குலத்தவரான மிக்காயேல் பக்கூனின் (1814-1876) நிலமும் தொழிற்கருவிகளும் உழைப்பாளர் சங்கங்களுக்குப் பொதுவாக வேண்டும் என்றார். உழைப்புக்கேற்ற ஊதியம் என்பதை அவர் விடவில்லை. அகில உலகத் தொழிலாளர் சங்கத்தில் மார்க்ஸோடு அவர் கொண்ட பூசல் 1872-இல் ஹேக் மாநாட்டில் அவர் நீக்கப்பட்டதில் முடிந்தது. உழைப்பாளரின் பெயரால் அரசைக் கைப்பற்றுவோர் விரைவில் உழைப்பாளராக இராமல் புதிய ஆளும் வகுப்பாவர் என்று அவர் எச்சரித்தார். 1921-இல் கிரோன்ஸ்டாட் கடற்படை வீரர்களின் எழுச்சியைச் சோவியத் அரசு படைகொண்டு அடக்கியபோது அவ்வெச்சரிக்கை உண்மையாயிற்று. அதனை நேரில் கண்ட எம்மா கோல்ட்மன் மனமுடைந்து ரஷ்யாவை விட்டகன்றார்.

பக்கூனின் இறந்தபின் 1882-இல் வெளிவந்த 'கடவுளும் அரசும்' என்னும் நூல் நம்மை நேரே தாக்குவது. விண்ணில் ஓர் எசமானை வணங்கப் பழகியோர் மண்ணிலும் எசமானருக்குத் தலைவணங்குவர் என்பது அவர் வாதம். அவர் எதிர்க்கும் கடவுள் பேரரசனின் உருப்பெருக்கமேயன்றி, சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவரின் பிதா அல்லர் என்று நாம் எளிதில் விடை கூறலாம். ஆயின், அவ்வுருவத்தைப் பக்கூனின் தாமாகக் கற்பனை செய்தாரா? சார் மன்னருக்கு அபிஷேகம் செய்த திருச்சபையிடமிருந்து அல்லவா அதனைக் கற்றார்? இன்னொரு முரண்பாடும் நோக்கத்தக்கது. எல்லா அதிகாரத்தையும் மறுத்த பக்கூனின், வெளிக்குத் தெரியாத இரகசியக் குழுக்களால் புரட்சியை வழிநடத்த விரும்பினார். கண்ணுக்குத் தெரியும் அதிகாரத்தைத் தட்டிக்கேட்கலாம். தெரியாத அதிகாரத்தை யார் கேட்பது?

5. பரஸ்பர உதவி: குரோப்பொட்கின்

இளவரசர் பீட்டர் குரோப்பொட்கின் (1842-1921) புவியியல் அறிஞர். வாழ்க்கைப் போட்டியைப்பற்றித் தாமஸ் ஹக்ஸ்லி 1888-இல் எழுதிய கட்டுரைக்கு மறுப்பாக அவர் எழுதியவை 1902-இல் 'பரஸ்பர உதவி' என்னும் நூலாயின. சைபீரியாவின் கடுங்குளிரில் உயிர்கள் ஒன்றையொன்று அழித்து வாழக் கண்டதைவிட, ஒன்றுக்கொன்று துணைநின்று வாழ்வதையே தாம் மிகுதியாகக் கண்டதாக அவர் எழுதுகிறார். விலங்குக் கூட்டங்கள், பழங்குடிகள், இடைக்கால நகரங்களின் தொழிற்சங்கங்கள் என்று சான்றுகளை அடுக்குகிறார். இவ்வடிப்படையில் அவர் கட்டியது பொதுவுடைமை அரசின்மை. ஒவ்வொருவரும் இயன்றவாறு உழைத்து, தேவைக்கேற்பப் பெற்றுக்கொள்வர், ஊதியமே வேண்டா.

மனிதனைப் பற்றி இத்துணை நம்பிக்கையோடு எழுதியோர் அரியர். அவர் காட்டும் உண்மைகளைப் பாவக் கோட்பாட்டின் பெயரால் தள்ளிவிடுதல் தகாது. படைப்பில் தேவன் வைத்த நன்மை அது. ஆயின், ஒரு குழு தன்னுள் காட்டும் அன்பே பிற குழுவின்மேல் பகையாகவும் மாறும் என்பதை அவர் போதிய அளவு ஆராயவில்லை. முதல் உலகப் போரில் அவரே நேச நாடுகளின் பக்கம் நின்று தம் தோழர் பலரின் கண்டனத்துக்கு ஆளானார். எனினும் 1920-இல் பிணையாட்களைப் பிடிக்கும் கொடுமையைக் கண்டித்து லெனினுக்கு எழுதிய துணிவு அவருடையதே.

6. சங்கமும் வெடிகுண்டும்

வேலைநிறுத்தத்தையும் தொழிற்சங்கத்தையும் கருவியாகக் கொண்டது சங்க அரசின்மைக் கொள்கை. இதன் பெருஞ்சோதனை ஸ்பெயினில் நிகழ்ந்தது. 1910-இல் நிறுவப்பட்ட தேசியத் தொழிலாளர் கூட்டமைப்பினர் 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது கட்டலோனியாவில் ஆலைகளையும் டிராம் வண்டிகளையும், அரகோனில் விளைநிலங்களையும் கூட்டாக நடத்தினர். அதே ஆண்டு நவம்பரில் அவர்களுள் நால்வர் அரசில் அமைச்சரும் ஆயினர். போரின் நெருக்கடி கொள்கையை வளைத்துவிட்டது.

நாம் மறக்கலாகாத மற்றொன்று உண்டு. அப்போரில் குடியரசுப் பகுதியில் ஏறத்தாழ 7,000 குருமாரும் துறவியரும் கொல்லப்பட்டனர். அனைத்தும் அரசின்மைக் கொள்கையினரின் செயல் அன்று. எனினும் அவர்கள் பங்கை மறைத்தலும் முறையன்று. நிலக்கிழார்களோடு நெடுங்காலம் ஒன்றி நின்ற திருச்சபையின் பங்கை மறைத்தலும் முறையன்று.

வன்முறை இவ்வியக்கத்தின்மீது படிந்த கறை. 1894-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ, 1900-இல் இத்தாலிய மன்னர் உம்பெர்த்தோ, 1901-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லி ஆகியோர் இவ்வியக்கத்தைச் சார்ந்தோர் கையால் மாண்டனர். மறுபுறம், 1886-இல் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வீசியவர் யாரெனத் தெரியாமலே எண்மர் தண்டிக்கப்பட்டனர். 1887-இல் அவர்களுள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் சிறையில் தம்மையே மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரை 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார். மே தினத்தின் வேர் அந்நிகழ்ச்சிகளில் உள்ளது.

7. மலைப்பிரசங்கமும் அரசும்: டால்ஸ்டாய், எலுல்

இயேசுவின் சொல்லையே அரசு மறுப்புக்கு ஆதாரமாகக் கொண்டோர் ஒரு பிரிவினர். 15-ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவின் பீட்டர் கெல்சிட்ஸ்கி, பட்டயமேந்தும் அரசோடு சபை இணைந்ததே அதன் வீழ்ச்சி என்றார். 1527-இல் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்தர் பட்டயம் கிறிஸ்துவின் பூரணத்துக்குப் புறம்பானது என்று அறிக்கையிட்டனர். அவ்வழியில் லியோ டால்ஸ்டாய் (1828-1910), தீமையோடு எதிர்த்து நில்லாதிருக்கும்படி மலைப்பிரசங்கம் கூறுவதை விலக்கின்றி ஏற்கவேண்டும் என்றும், அவ்வாறு ஏற்போன் படையிலும் நீதிமன்றத்திலும் பங்குகொள்ள இயலாது என்றும் வாதிட்டார். 'தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறது' என்னும் தலைப்புடைய அவர் நூல் ரஷ்யாவில் தடைசெய்யப்பட்டு, 1894-இல் ஜெர்மனியில் அச்சேறியது. 1901-இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கிற்று. 1895-இல் தம் ஆயுதங்களைத் தீயிலிட்ட டூகோபோர் மக்கள் கனடாவுக்குக் குடியேறத் தம் 'புத்துயிர்ப்பு' புதினத்தின் வருவாயை அவர் அளித்தார்.

இவ்விடத்தில் தமிழரோடு உள்ள தொடர்பு ஒன்றைச் சுட்டலாம். 1908-இல் டால்ஸ்டாய் எழுதிய 'இந்து ஒருவருக்குக் கடிதம்' திருக்குறளின் இன்னாசெய்யாமைக் கருத்துகளை எடுத்தாளுகிறது. அதனைக் குஜராத்தியில் பெயர்த்தவர் காந்தியடிகள். 1910-இல் ஜோகனஸ்பர்க் அருகே, ஹெர்மன் காலன்பாக் அளித்த நிலத்தில் அவர் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. அங்கிருந்த பிள்ளைகளுக்கு அவர் தமிழும் கற்பித்தார்.

பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையினரான ஜாக் எலுல் (1912-1994) 1988-இல் எழுதிய நூலில் வேதாகமத்தையே அரசின்மை நோக்கில் வாசிக்கிறார். ரோமர் 13-ஐப் பகைவரை நேசிக்கப் பணிக்கும் 12-ஆம் அதிகாரத்திலிருந்து பிரித்து வாசித்ததே நம் பிழை என்பது அவர் கருத்து. அரசில்லாச் சமுதாயம் முழுமையாகக் கைகூடும் என்று அவர் நம்பவில்லை. அதற்கான போராட்டம் மட்டும் இன்றியமையாதது என்கிறார். டால்ஸ்டாயிடம் இல்லாத ஒரு தெளிவு இது.

8. மதிப்பீடு

இக்கொள்கையின் வன்மை, அரசை வணங்கும் மனப்பான்மையைத் தோலுரிப்பதில் உள்ளது. சாமுவேல் மக்களுக்கு உரைத்த எச்சரிக்கையில் அரசனைக் குறித்துத் திரும்பத் திரும்ப வருவது 'எடுத்துக்கொள்ளுவான்' என்னும் செய்தியே: குமாரரை, குமாரத்திகளை, வயல்களை, மந்தையில் பத்திலொன்றை. யோதாம் கூறிய உவமையில், பயன்தரும் மரங்கள் யாவும் அரசாள மறுக்க, முட்செடியே முன்வருகிறது. அதிகாரத்தை ஊழியமாகக் காண்கிறது ரோமர் 13. அதே அதிகாரத்தை மிருகமாகக் காண்கிறது வெளிப்படுத்தின விசேஷம் 13. முன்னதை மட்டும் பிரசங்கித்து வந்த நமக்குப் பின்னதை நினைவூட்டியவர்கள் பெரும்பாலும் சபைக்கு வெளியே நின்றோரே.

இக்கொள்கையின் குறை, அதிகாரத்தின் தீமையை அரசில் மட்டும் கண்டதில் உள்ளது. சிறு சமுதாயமும் கொடுங்கோலன் ஆகலாம். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமத்தை ஆட்சியின் அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்றோரை மறுத்துரைத்தது இதனாலேயே. ஊரின் ஒழுங்கு எவரை நசுக்குகிறதோ அவர்களுக்கு ஊருக்கு அப்பாலுள்ள சட்டமே புகலிடம்.

இதனை நான் நூல்களில் மட்டும் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்தபோது, ஒரு முதியவரின் உடலைப் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யவிடாமல் சபையாரில் ஒரு சாரார் வழிமறித்தனர். குலம் ஒன்றே காரணம். அனைவரும் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்கள். நான் ஜெபித்தேன், மன்றாடினேன், இரவெல்லாம் வீடுவீடாகச் சென்றேன். விடிந்தபின் வட்டாட்சியருக்கு மனு எழுதிக் கையொப்பமிட்டேன். காவலர் இருபுறமும் நிற்க அடக்க ஆராதனையை நடத்தினேன். அம்முதியவரின் மகன் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, சர்க்கார் இல்லாவிட்டால் எங்கள் அப்பாவுக்கு இந்த ஆறடி மண்ணும் இல்லை" என்றார். டால்ஸ்டாயை அதற்கு முன்பே நான் வாசித்திருந்தேன். அன்று அவர் எனக்கு உதவவில்லை. எனினும், சுவிசேஷம் செய்திருக்க வேண்டியதைத் தடி செய்தது என்னும் வெட்கம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. அவ்வெட்கத்தை எனக்குத் தந்தவர் டால்ஸ்டாய்தாம்.

9. மாணவருக்கு விடை

இப்பொழுது அம்மாணவருக்கு விடை கூற முயல்கிறேன். இரண்டையும் பிரசங்கிக்க வேண்டும். ஆயின் ஒவ்வொன்றையும் உரியவர் செவியில். நியாயாதிபதிகளின் இறுதி அதிகாரங்களில், ராஜா இல்லாத நாளில் அழிந்தவள் பெயரும் குரலும் அற்ற ஒரு பெண். ஆகவே, 'எங்களுக்கு ஆளுகை வேண்டா, ஊரே பார்த்துக்கொள்ளும்' என்று கூறும் வலியவருக்கு அப்புத்தகத்தை வாசித்துக் காட்டவேண்டும். வலுவான தலைவன் வந்தால் யாவும் சீர்ப்படும் என்று மயங்கியிருப்போருக்குச் சாமுவேலை வாசித்துக் காட்டவேண்டும். 1934-இல் பார்மென் அறிக்கையின் ஐந்தாம் கூற்று, இன்னும் மீட்கப்படாத உலகில் நீதியையும் சமாதானத்தையும் பேணுதல் அரசின் கடமை என்று ஒப்புக்கொண்டு, மனித வாழ்வின் முழு ஒழுங்காகத் தன்னை அரசு ஆக்கிக்கொள்வதை மறுத்தது. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே பற்றிக்கொள்வதே நம் நிலையாதல் தகும்.

ஆயின் அரசின்மைக் கொள்கையினரின் வினா அத்துடன் முடிவதில்லை. புறஜாதியாரின் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கலாகாது என்று ஆண்டவர் கூறியது அரசாங்கத்தாரிடம் அன்று, பன்னிருவரிடம். வலப்பக்கத்து ஆசனத்துக்காகப் பூசலிட்டவர்களிடம். அரசின்றி வாழ இயலுமா என்பதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டவேண்டிய இடம் ஒன்று உண்டெனில் அது திருச்சபையே. சேகரத் தேர்தலுக்குக் காவலரையும், ஆலயச் சாவிக்கு நீதிமன்றத்தையும் நாடும் நாம், பக்கூனினுக்கு விடையளிக்கும் தகுதியை இழந்து நிற்கிறோம். இறையியல் மாணவர் இந்நூல்களை வாசிக்க அஞ்சவேண்டியதில்லை. தம் சபையின் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்தபின் வாசிப்பார்களாக.